ஸ்தோத்திர ஜெபத்தன்று திறந்திருந்த கண்கள்

அக்கா,

நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சற்று முன்புதான் உன் வீட்டு முற்றத்தில் இறக்கினார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிய அடுக்கைத் தரையில் வைக்கும்போது எழும் அந்த வறண்ட சத்தம் கேட்டதும் என் கை தானாகவே உன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அதே வாடகைக் கடை. முதுகில் வெள்ளைச் சாயத்தில் கடைப்பெயர் எழுதிய அதே நாற்காலிகள். அடுப்படியில் கேசரிக்கு ரவை வறுபடும் வாசனையும் அதேதான். ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவருக்காகச் சபையாரும் சொந்தக்காரரும் கூடி ஆண்டவருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஜெபம் இன்று மாலை இந்த வீட்டில். போன முறை பிழைத்து வந்தவள் நீ. இந்த முறை அத்தான்.

ஆம், உன் கணவருக்கும் அதே நோய், அதே சிகிச்சை, மதுரையில் அதே டாக்டர். தொடை வழியாகக் குழாயைச் செலுத்தி இதயத்தில் புது வால்வைப் பொருத்தி, நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். முன் அறையில் சாய்ந்து படுத்திருக்கிறார். அவர் முகம் தெரியும்படி உன் மேசையைத் திருப்பிப் போட்டு இதை எழுதுகிறேன். ஒரு வாக்கியம் முடிந்ததும் தலையை நிமிர்த்தி அவர் வாயின் இரு ஓரங்களையும் பார்க்கிறேன். ஒரே மட்டத்தில் இருக்கின்றன. பிறகு அடுத்த வாக்கியம்.

இந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை என்பதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏன் என்பது உனக்குத் தெரியாது. எனக்கே மூன்று வாரத்துக்கு முன்புதான் தெரிந்தது.

உன் நோய் தன்னைக் காட்டிக்கொண்டது கோயில் மாடிப்படியில். பாடகர் குழு உட்காரும் மாடிக்கு ஏறும் படி பாதியில் வளையும். மின்வாரிய அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்து ஓய்வுபெற்ற பின்னும், ஞாயிறுதோறும் நீதான் அந்தப் படியில் முதலில் ஏறுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவில் நின்றுவிட்டாய். பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடுகிறவள் போலப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே மற்றப் பெண்களுக்கு வழிவிட்டாய். கீழே நின்ற நான் ஏறி வந்து, என்ன செய்கிறது என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லலே. மூச்சு கொஞ்சம் பின்னால வருது. வந்து சேந்துரும்.”

பின்தங்கி வரும் சிறு பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாய். அதன்பின் பல மாதங்கள் அந்த வாக்கியத்தையே சொல்லி எங்களை ஏமாற்றினாய். ஸ்கேனில் தெரிந்தது: இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் வால்வின் இதழ்களில் கால்சியம் படிந்து இறுகியிருக்கிறது, வாசல் சுருங்கிவிட்டது. கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் தம்பி என்பதால் அதை உனக்கு விளக்கும் வேலை என்மேல் விழுந்தது. நான் பாடம் நடத்தி முடித்ததும் நீ சிரித்தாய்.

“சுண்ணாம்புன்னு சொல்லேன். எல்லாம் இந்தப் போர்த் தண்ணி பண்ணுத வேல. ஆத்துத் தண்ணி மட்டும் குடிச்சிருந்தா இந்நேரம் நெஞ்சு கண்ணாடி மாதிரில்லா இருந்திருக்கும்!”

“குடிக்கிற தண்ணீருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லக்கா.”

“ஏலே, உங்கிட்ட ஒரு வெளையாட்டுப் பேச்சு பேச முடியுதா? பரீட்சப் பேப்பர் திருத்துத மாதிரியே கேக்குத.”

மதுரையில் அந்த டாக்டரின் அறை வாசலில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்த மதியத்தை நினைத்துப் பார்க்கிறேன். பரிசோதனை முடிந்ததும், “அம்மா கொஞ்சம் வெளிய இருக்கட்டும்” என்றார்கள். அத்தானும் பெங்களூரிலிருந்து வந்திருந்த உன் மகனும் உள்ளே இருந்தார்கள். உனக்குத் துணையாக நான் வெளியே. இது நம் ஊர் வழக்கம், யாரும் வியப்பதில்லை. நோய் ஒருவருக்கு, அதைப் பற்றிய பேச்சு மற்றவர்களுக்கு. கதவு மூடியிருந்தது. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“நெஞ்சு என்னுது. உள்ள உக்காந்து பேசுதது அவுக. என்னத்தலே இவ்வளவு நேரம் பேசுதாவ?”

“நான் போய்க் கேட்கட்டுமா?”

“வேண்டாம். எங்கிட்ட சொல்லாமலா இருந்துருவாவ?”

கதவு திறந்தது. இருவரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள். “ஒண்ணுமே இல்லம்மா, நெஞ்சக் கிழிக்க மாட்டாங்க. தொடையில ஒரு சின்ன ஓட்ட, அவ்வளவுதான். ரெண்டாம் நாள் நடக்க வச்சிருவாங்க” என்றான் உன் மகன். அத்தான் தலையாட்டினார். நீ நம்பினாய், நானும் நம்பினேன். அவர்கள் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் உன் உயிர் இருந்தது.

எல்லாம் அவர்கள் சொன்னபடியே நடந்தது. இரண்டாம் நாள் நடந்தாய். வார்டின் கோடிவரை போய்த் திரும்பி, “மூச்சு இப்பம் எனக்கு முன்னால ஓடுதுலே” என்றாய். வீட்டுக்கு வரும் வழியில் தாமிரபரணிப் பாலத்தில் காரை நிறுத்தச் சொன்னாய். பின்னால் லாரிகள் ஒலி எழுப்ப, கண்ணாடியை இறக்கிவிட்டு ஆற்றைப் பார்த்தாய். “தண்ணி நல்லாப் போவுது” என்றாய். அவ்வளவுதான். அன்று உன் முகத்தில் இருந்த நிறத்தை நான் வெகுகாலமாகப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் மாலை ஸ்தோத்திர ஜெபம். நீல நாற்காலிகள் முன் அறை நிரம்பி முற்றம்வரை வந்துவிட்டன. பாடகர் குழுப் பெண்கள் மூன்று கீர்த்தனைகள் பாடினார்கள். உட்கார்ந்தபடியே நீயும் பாடினாய். பிறகு குருவானவர், “அம்மாவே ரெண்டு வார்த்த ஜெபிக்கட்டும்” என்றார். எல்லோரும் தலை குனிந்து கண்களை மூடினார்கள். நான் அடுப்படியில் காப்பி டிரம்மைத் தூக்குவதற்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். உன் குரல் கேட்டது.

“ஆண்டவரே, இந்த வீட்டுல… இந்த… இந்த…”

உன் குரல் எனக்குத் தெரியும். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கினால் பாடகர் குழுவில் யாரையும் விடமாட்டாய். அந்தக் குரலில் சொற்கள் நனைந்த காகிதம் போலக் கிழிந்தன. அது அழுகை என்றே அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். நன்றியில் நெஞ்சு அடைத்துப் பேச்சு வராமல் நிற்பது நம் ஜெபக் கூட்டங்களில் புதிதல்ல. “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று குரல்கள் உன்னைத் தாங்க எழுந்தன. அந்தச் சத்தத்தில் நீ பேசியது இன்னும் கேட்காமல் போயிற்று. நான் டிரம்மை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

அறை முழுதும் குனிந்த தலைகள், மூடிய கண்கள். உன் கண்கள் மட்டும் திறந்திருந்தன. அவை ஒவ்வொரு தலையாகத் தேடின. யாராவது நிமிர்வார்களா என்று தேடின. வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. மடியில் இருந்த வேதப்புத்தகம் வலப்பக்கமாக நழுவிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க உன் கை எழவில்லை.

“அக்கா!” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

“ஷ்ஷ்… ஜெபம் நடக்குல்லா” என்றார் கண்ணைத் திறக்காமலே ஒருவர்.

நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு உன்னிடம் வந்து சேர்ந்தபோது, நீ திக்குவதாக எண்ணிய குருவானவர் உன் ஜெபத்தைத் தாம் தொடர்ந்துகொண்டிருந்தார். நான் உன்னைத் தாங்கியபடி, “டாக்டரிடம் போக வேண்டும்” என்றேன். ஆமென் வந்தது. ஆமென் வந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். “ஆவியானவர் தொட்டிருக்காரு.” “பயணக் களைப்பு.” “சீனித் தண்ணி குடுங்க.” “பைய படுக்க வைங்க, தூங்கி எந்திச்சாச் சரியாயிரும்.” உன் மகன் மதுரைக்குப் போன் போட்டான், ஆஸ்பத்திரிப் போன் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தது. நான் அத்தானின் கையைப் பிடித்து, “இது களைப்பு இல்லை அத்தான், முகத்தைப் பாருங்கள்” என்றேன். அவர் உன் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலிகளில் இருந்தவர்களைப் பார்த்தார்.

“கொஞ்சம் இரி மாப்ள. எல்லாரும் காப்பி குடிச்சிட்டுப் போவட்டும்.”

காப்பி குடித்தார்கள், அக்கா. கேசரியும் சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் காரை நான் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, உன்னைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்தியிருந்தார்கள். உன்னைத் தூக்க வழிவிடவே இன்னொரு விவாதம் வேண்டியிருந்தது. பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, “எப்போ ஆரம்பிச்சது?” பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “உடனே வந்திருந்தா அடைப்ப எடுக்க முயற்சி பண்ணியிருக்கலாம் சார்.” முயற்சி பண்ணியிருக்கலாம் என்றுதான் சொன்னார், பிழைத்திருப்பாய் என்று சொல்லவில்லை. நான் அதற்குமேல் எதையும் சேர்க்கவில்லை. அந்த ஒரு வாக்கியமே போதுமான அளவு கனமாக இருக்கிறது.

பிறகு சில வாரங்கள் இருந்தாய். ‘தண்ணி’ என்ற சொல் உன் வாயில் வரவில்லை. என் பெயர் வரவில்லை. ஆனால் ஒரு மதியம் பாடகர் குழுப் பெண்கள் வந்து கட்டிலருகில் பாடியபோது, நீ கூடவே பாடினாய், சொற்களோடு, கடைசி எழுத்துவரை. மூளையில் பேச்சுக்கும் பாட்டுக்கும் வேறு வேறு வழிகள் என்று டாக்டர் விளக்கினார். பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றாய். வரவில்லை. உனக்குக் கோபம் வந்தது. இடது கையால் மெத்தையை அடித்தாய். அந்தக் கோபத்தில்தான் நீ முழுசாக நீயாக இருந்தாய். நான் அதைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டேன்.

அது விதி, துரதிர்ஷ்டம், எவரும் எதிர்பாராதது, அத்தான் தாமதித்ததும் தெரியாமல்தான் என்றே ஒன்றரை வருஷம் நம்பியிருந்தேன். பிறகு அத்தானுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிற்று. அதே மதுரைக்கே போகலாம் என்றார். “ஆப்பரேசன் அவுக நல்லாத்தான் பண்ணுனாவ. கெட்டுப் போனது வீட்டுல வச்சுத்தான” என்றார். எனக்கு அது விளங்காவிட்டாலும், கூடப் போனேன். டாக்டர் தம் வழக்கப்படி, “ஐயா கொஞ்சம் வெளிய” என்று தொடங்கினார்.

“அவர் இருக்கட்டும். அவருடைய நெஞ்சு” என்றேன் நான். உன் சொல்தான்.

டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு விளக்கினார். “பழைய வால்வ ஒதுக்கிட்டுப் புதுச விரிக்கும்போது, படிஞ்சிருக்கிற சுண்ணாம்புத் துணுக்கோ, ரத்தக் கட்டியோ மூளைக்குப் போகலாம். அதாவது பக்கவாதம். ரொம்பப் பேருக்கு வராது. வந்தா பெரும்பாலும் முதல் சில நாள்ல. பேச்சு குழறினா, வாய் கோணினா, கை தொங்கினா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.”

அத்தான் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “தெரியும் டாக்டர். போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.”

“சொன்னேன். பயந்துருவாங்க, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு உங்க பையன்தான் கேட்டாரு” என்றார் டாக்டர், மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல. உன் உடலைப் பற்றிய மிக முக்கியமான செய்தியை உன்னிடம் சொல்லாமல் அவர்கள் இருவரிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தம் கடமை முடிந்தது என்று இருந்தவர் அவர்.

என் கோபம் சத்தம் போடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஊர் திரும்பும் வழியில், கோவில்பட்டி தாண்டிய பிறகு, அத்தான் தாமாகவே பேசினார்.

“மாப்ள, அன்னைக்கு அவ மொகத்தப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுது. தெரியலன்னு சொல்ல மாட்டேன். ஆனா அத்தன பேரும் ஆண்டவர் சொகம் குடுத்தாருன்னு இப்பந்தான் சாட்சி சொல்லி முடிச்சிருக்காவ. அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்குத் தூக்குனா, இவனுக்கு விசுவாசம் இல்லன்னு நெனப்பாவளோன்னு…”

ஜெபத்தின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நீ வாழ்ந்ததே அதில்தான். நாற்காலிகளில் இருந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கணித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தின்மேல்தான் என் கோபம். அவர்களில் எவரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தால் முதல் ஆளாக உன்னைத் தூக்கியிருப்பார்கள்.

இருந்தும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நேற்றிலிருந்து இவரைச் சிரிக்கச் சொல்கிறேன், இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்கிறேன், ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்கிறேன். என்ன வாக்கியம் என்று முதல் தடவை கேட்டார். ஏதாவது ஒன்று என்றேன். சற்று யோசித்துவிட்டு, “மூச்சு கொஞ்சம் பின்னால வருது, வந்து சேந்துரும்” என்றார். நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். அதன்பின் ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்கிறார். இவரை வெறுப்பதை இவர் எனக்கு எளிதாக்குவதில்லை.

இந்த ஜெபமே வேண்டாம் என்று உன் மகனிடம் சொல்லிப் பார்த்தேன். “மாமா, வைக்காட்டி ஊர்ல என்ன சொல்லுவாங்க?” என்றான் போனில். இன்னும் அதே கேள்வி. குருவானவரிடம் போனேன். சுருக்கமாக முடியுங்கள்; நடுவில் நான் கூப்பிட்டால் நிறுத்திவிடுங்கள் என்றேன். “ஜெபத்த நிறுத்தக்கூடாதுன்னு ஆண்டவர் எங்கயும் சொல்லல சார். அன்னைக்கு நானும் கண்ண மூடிட்டுத்தான் இருந்தேன்” என்றார். அந்த மாலையைப் பற்றி இவ்வளவு நேராக வேறு எவரும் என்னிடம் பேசியதில்லை.

சைக்கிள்கள் வரத் தொடங்கிவிட்டன. அத்தான் என்னைக் கூப்பிடுகிறார். வந்து எழுதுகிறேன்.

நாற்காலிகள் போய்விட்டன, அக்கா. முற்றத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

அத்தான் கூப்பிட்டது இதற்குத்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொன்னார். கை நடுங்குகிறதே என்று நான் திடுக்கிட்டேன். “இது பயத்துல வார நடுக்கம் மாப்ள. ரெண்டு கையும் ஒண்ணுபோலத்தான் நடுங்குது, பாத்துக்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நம்ம சபை ஐயரு ஜெபிப்போம்ன உடன எல்லாரும் கண்ண மூடிருவாவ. நீ மூடாத, என்ன?”

என் நாற்காலியை அவருக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டேன். கீர்த்தனைகள் முடிந்தன. குருவானவர், “ஜெபிப்போம்” என்றார். தலைகள் குனிந்தன. நான் நிமிர்ந்தே இருந்தேன். அவரும்தான். மூடிய கண்களுக்கு நடுவே நாங்கள் இருவர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அறையில் உன் கண்கள் எதைத் தேடின என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். அவர் கண்களும் அப்படியே இருந்தன. மடியிலிருந்து இரு கைகளையும் மெல்ல உயர்த்திக் காட்டினார். இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன. உதடுகளை விரித்தார். கோணவில்லை. நான் திரும்பச் சிரிக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். ஜெபம் முடியும்வரை ஐந்தாறு தடவை அப்படிச் செய்தார். ஒவ்வொரு தடவையும் தலையசைத்தேன்.

ஆமென் ஆனதும், “ஐயா ரெண்டு வார்த்த சொல்லுங்க” என்றார்கள். அத்தான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு சொல்லையும் கடைசி எழுத்துவரை தெளிவாகச் சொன்னார்: “மூச்சு கொஞ்சம் பின்னால வருது. வந்து சேந்துரும்.” கூட்டத்துக்கு விளங்கவில்லை. யாரோ பழக்கத்தில் “ஸ்தோத்திரம்” என்றார்கள்.

இன்னும் சில நாட்கள் பார்த்திருக்க வேண்டும். பார்ப்பேன். இவரை மன்னித்தேன் என்று நீ எண்ணிக்கொள்ள வேண்டாம். அது உனக்குரியது, நான் எடுத்துக் கொடுப்பதற்கில்லை. என்னிடம் இருப்பது வேறு. எங்கே ஜெபம் நடந்தாலும், யார் ஜெபித்தாலும், என் கண்கள் இனி மூடுவதில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும். எல்லோரும் குனிந்திருக்கும்போது ஒருத்தி நிமிர்ந்து தேடினால், அவளைப் பார்க்க ஒருவன் இருக்க வேண்டும்.

உன் தம்பி